டிஸ்னி உலகில் ஒரு வேளைச் சாப்பாடு

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பேருந்தில் போய்வருகிறவர்களுக்கு ஒரு பொருளாதார விதி எவரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். நடுவழியில் சாரதி நிறுத்துகிற கடையில் தேநீருக்கும் ரொட்டிக்கும் ஊரில் இல்லாத விலை இருக்கும். சுவையோ விலைக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். கடைக்காரர் பொல்லாதவர் என்பது இதற்குக் காரணமல்ல. நடுநிசியில் இறங்கி நிற்கும் பயணிக்கு அடுத்த கடைக்குப் போக வழியில்லை, அவ்வளவுதான். எழுந்து போக முடியாதவருக்குப் பரிமாறப்படும் உணவின் விலையை அடுப்பு தீர்மானிப்பதில்லை, கதவு தீர்மானிக்கிறது என்பது என் நெடுநாளைய எண்ணம்.

இந்த எண்ணத்தை உலகப் புகழ்பெற்ற ஓர் இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 2024 மார்ச்சில் கிடைத்தது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் குடும்பம் புளோரிடாவிலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகத் திட்டமிட்டபோது, கனடா சென்றிருந்த என்னையும் மனைவியையும் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா, அவருடைய மகன், மருமகள், பதினொரு வயதுப் பேத்தி, ஏழு வயதுப் பேரன், நாங்கள் இருவர் என்று மொத்தம் ஏழு பேர். கிஸிமி என்ற பக்கத்து ஊரில் சமையலறையுடன் கூடிய வீடொன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். பூங்காவின் இராட்டினங்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி.

முதலில் கொஞ்சம் சரித்திரம். வோல்ட் டிஸ்னியின் முதலாவது பூங்கா கலிபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17ஆம் திகதி திறக்கப்பட்டது. அந்நாட்களில் குழாய் பொருத்தும் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நடந்தமையால் கழிப்பறைகளையும் குடிநீர்க் குழாய்களையும் ஒருசேர முடிக்க இயலாமற் போயிற்று. ஏதாவது ஒன்றைத் தெரிய வேண்டிய நிலையில் டிஸ்னி கழிப்பறையைத் தெரிந்தார். கடுமையான வெயில் நாள் அது. குடிக்கத் தண்ணீர் கிடைக்காத கூட்டம், குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டியது. அந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றதுதான். ஆனால் பூட்டிய வளவுக்குள் தாகத்தோடு நிற்கிற மனிதனின் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை அது காட்டிவிட்டது.

இரண்டாவது பாடம் நிலத்தைப் பற்றியது. அனஹைமில் டிஸ்னி வாங்கிய நிலம் 160 ஏக்கர் மட்டுமே. பூங்கா புகழ்பெற்றதும் அதன் மதிலோரமாக மற்றவர்களின் விடுதிகளும் உணவுக் கடைகளும் முளைத்து, வந்த கூட்டத்தின் பணத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே புளோரிடாவில், வேறு வேறு கம்பனிகளின் பெயர்களில் இரகசியமாக, ஏறத்தாழ 27,000 ஏக்கரை வாங்கினார். நமது கணக்கில் கொழும்பு மாநகர எல்லையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. 1966 டிசம்பரில் அவர் காலமானார். 1971 ஒக்டோபர் முதலாம் திகதி பூங்கா திறக்கப்பட்டது.

இந்த இரண்டு நிலங்களின் அளவுகளுக்கும் ஒரு பேர்கரின் விலைக்கும் தொடர்பு உண்டு. அனஹைமில் பசித்தவர் வாயிலைத் தாண்டி வெளியே வந்தால், நடந்து போகக்கூடிய தூரத்தில் ஹார்பர் வீதியில் சாதாரண அமெரிக்க விலைக்கு உணவகங்கள் இருக்கின்றன. புளோரிடாவின் மஜிக் கிங்டமிலோ, வாயிலுக்கு வெளியே இருப்பது ஓர் ஏரி. படகிலோ ஒற்றைத் தண்டவாள இரயிலிலோ ஏறி வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், அங்கிருந்து காரில் மைல்கணக்காக ஓடித்தான் வெளிக்கடையொன்றைக் காண முடியும். ஏழு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அதை யார் செய்வார்கள்? இரவுப் பேருந்தின் நடுவழிக் கடை, இங்கே ஏரியும் கோட்டையுமாக அழகாக அமைந்திருக்கிறது.

உள்ளே விலைகள் எப்படி? நான் போன காலத்தில், முகப்பில் வாங்கி நாமே மேசைக்கு எடுத்துச் செல்லும் வகை உணவகங்களில் ஒரு பேர்கரும் உருளைக்கிழங்குப் பொரியலும் ஏறத்தாழ 14, 15 டொலர். மிக்கி எலியின் தலை வடிவில் வரும் ஐஸ்கிறீம் ஆறு டொலருக்கு மேல். தண்ணீர்ப் போத்தல் நான்கு டொலருக்குக் கிட்ட. அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 300 ரூபா. என் மனம் ஒவ்வொரு விலையையும் முந்நூறால் பெருக்கிக்கொண்டே நடந்தது. ஒரு பேர்கர் 4,500 ரூபா; கொழும்பில் அந்தக் காசுக்கு ஒரு பத்துப் பேர் சோற்றுப் பார்சல் சாப்பிடலாம். அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“தம்பி, விலையைப் பாக்கிறதெண்டால் இஞ்ச வரப்படாது” என்றார்.

உண்மையில், ரூபாவால் பெருக்குவது நியாயமான ஒப்பீடு அல்ல. சரியான ஒப்பீடு, அதே பேர்கர் ஒர்லாண்டோவின் வெளி வீதியில் என்ன விலை என்பதுதான். ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் துரித உணவுக் கடைகளின் விலையோடு வைத்துப் பார்த்தால் உள்ளே நன்றாகவே கூட. நகரத்து நடுத்தர உணவகமொன்றில் உட்கார்ந்து சாப்பிடும் விலையோடு வைத்துப் பார்த்தால் அவ்வளவு தூரம் இல்லை.

அமெரிக்க விலைப்பட்டியலை வாசிப்பதும் ஒரு கலை. அதில் அச்சிட்டிருப்பது வரி சேராத விலை. ஒரேஞ்ச் கவுண்டியில் விற்பனை வரி 6.5 வீதம். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில் ஆறு பேரோ அதற்கு மேலோ ஒன்றாக உட்கார்ந்தால் 18 வீதம் பரிமாறுபவருக்கான அன்பளிப்பாகத் தானாகவே சேர்ந்துவிடும். ஆகவே, எங்களைப் போன்ற ஏழு பேர் கூட்டத்துக்கு 30 டொலர் என்று எழுதியிருக்கும் உணவு கடைசியில் 37 டொலரைத் தாண்டும். நிர்ணய விலை விருந்துகளில் பத்து வயதானவர் பெரியவராகவே கணக்கிடப்படுவார். எங்கள் பதினொரு வயதுப் பேத்தி ஒரு கோப்பையில் பாதியைக்கூட முடிக்காதவள். ஆனால் காசாளரின் கண்ணுக்கு அவளும் நானும் ஒன்று.

இனித் தரம். மஜிக் கிங்டமுக்கு மட்டும் 2023இல் ஏறத்தாழ 17.7 மில்லியன் பேர் வந்ததாகத் துறைசார் மதிப்பீடு. சராசரியாக ஒரு நாளைக்கு 48,000 பேருக்கு மேல். இத்தனை நாட்டார், இத்தனை வயதினர், ஒரே நடுப்பகலில் பசித்து வருகிறார்கள். இந்தக் கூட்டத்துக்குச் சமைக்கிறவரின் முதற் கவலை எவருக்கும் பிடிக்காமற் போகக்கூடாது என்பதாகவே இருக்கும். உறைப்புக் குறையும். நேற்றுப் போலவே இன்றும் இருக்கும். நம்மூர்க் கலியாண வீட்டுச் சமையற்காரர் ஆயிரம் பேருக்கு ஆக்கும்போது உப்பையும் புளியையும் அடக்கிப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அதைக் குறையென்று சொல்லத் தோன்றவில்லை. அது அந்தத் தொகையின் இயல்பு.

ஆனால் தரம் என்பது நாக்கோடு முடிவதில்லை என்பதை அங்கேதான் கண்டேன். எங்கள் பேரனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. சிறு துகள் பட்டாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய பிள்ளை. வெளியே சாப்பிடப் போகும் ஒவ்வொரு தடவையும் அவனுடைய தாய் முகம் இறுகியிருப்பாள். இங்கே முகப்புக் கடைகளிலும் ஒவ்வாமை உள்ளோருக்கெனத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். மேசை உணவகத்தில் சமையற்காரரே வெளியே வந்து, பையனிடம் பெயர் கேட்டு, எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அவள் அன்றைக்குத் தன் கோப்பையில் இருந்ததை ஆறுதலாகச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். அந்த ஆறுதலுக்கு எத்தனை டொலர் போடுவது? முந்நூறால் பெருக்கும் என் கணக்கில் அதற்கு இடமில்லை.

அந்தச் சமையற்காரரைச் சந்தித்தது சனா என்ற உணவகத்தில். அனிமல் கிங்டம் லொட்ஜ் என்னும் விடுதியில், புல்வெளியை நோக்கி அமைந்தது அது. யன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கிகள் மேய்கின்றன. ஆபிரிக்கச் சமையலும் இந்தியச் சுவையும் கலந்த உணவு. அங்கே பெயர்பெற்றது ரொட்டித் தட்டு: நான், குல்ச்சா, பராத்தா என ஐந்து வகை ரொட்டியும் தொட்டுக்கொள்ள ஒன்பது வகையும். மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, உள்ளி ஊறுகாய் என்ற வரிசையில் செத்தல் மிளகாய்ச் ‘சம்பல்’ என்றும் ஒன்று இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர்ச் சம்பலோடு அதை ஒப்பிடக்கூடாதுதான். என்றாலும் ஒரு வாரத்தில் முதன்முறையாக நாக்கில் உறைப்புப் பட்டது. இருபது டொலருக்கு மேல் விலையான அந்தத் தட்டை நான்கு பேர் பகிர்ந்து சாப்பிட்டோம். வாரம் முழுவதும் கொடுத்த காசில் மிகவும் நிறைவு தந்த காசு அதுதான்.

ஏன் அப்படி என்று வீடு திரும்பும் வழியில் யோசித்தேன். சனா பூங்காவின் வாயிலுக்கு உள்ளே இல்லை. அது விடுதியில் இருக்கிறது. அங்கே போவதற்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. சாப்பிடவென்றே மனமுவந்து வருகிறவர்களை நம்பி நடக்கும் இடம். டிஸ்னி வளவில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் விக்டோரியா அன்ட் அல்பேர்ட்ஸ் உணவகமும் அப்படித்தான். கிராண்ட் புளோரிடியன் விடுதியில் இருக்கிறது. 2024இல் அதற்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. கேளிக்கைப் பூங்கா வளவொன்றில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் உணவகம் அதுதான். ஒருவருக்கு முந்நூறு டொலரளவில் தொடங்கும் அந்த விருந்து நமக்கெல்லாம் தூரம். ஆயினும் இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஒரே கம்பனிதான், ஆனால் சாப்பிடுகிறவர் வராமலும் விடலாம் என்ற இடத்தில் சமையல் முயற்சி எடுக்கிறது.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. எப்கொட் பூங்காவில் ஒரு செயற்கை ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் மண்டபங்கள் இருக்கின்றன. மெக்சிக்கோ, சீனா, இத்தாலி, ஜப்பான், மொரொக்கோ, பிரான்ஸ் என்று ஒவ்வொன்றிலும் அந்தந்த நாட்டு உணவு. வாயிலுக்கு உள்ளேயே இருந்தாலும், பத்து நிமிடம் நடந்தால் வேறொரு நாட்டுச் சாப்பாடு கிடைக்கிறது. அடைபட்ட வளவுக்குள்ளும் தெரிவு இருந்தால் உணவு உயிர்பெறுகிறது. இந்தியாவோ இலங்கையோ அந்தப் பதினொன்றில் இல்லை.

உணவுத் திட்டம் என்றொரு ஏற்பாட்டையும் சொல்லவேண்டும். டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் முன்கூட்டியே பணங்கட்டிப் புள்ளிகளாக வாங்கிக்கொள்ளும் இந்த முறை 2005இல் வந்தது; கொரோனாவுடன் 2020இல் நின்றது; 2024 ஜனவரியில் திரும்பவும் தொடங்கியது. அவ்வாண்டு அதன் மலிவான வகை, வயதுவந்தோர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 57 டொலர். இரண்டு முகப்புச் சாப்பாடு, ஒரு சிற்றுண்டி, விடுதியில் நிரப்பிக்கொள்ள ஒரு குவளை. நாங்கள் வெளியே தங்கியதால் அது எங்களுக்குக் கிடைக்காது. ஆயினும் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். சாதாரணப் பசியுள்ள ஒருவர் அதே உணவுகளைக் காசுகொடுத்து வாங்கினால் ஐம்பது டொலரளவில் முடிந்துவிடும். திட்டத்தில் மிச்சம்பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் பட்டியலில் விலைகூடியதையே கேட்கவேண்டும். சாப்பாட்டைப் புள்ளியாக்கிவிட்டால், மனிதர் எது பிடிக்கும் என்று பார்ப்பதை விட்டு எது விலைகூடியது என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். அதன் கெட்டித்தனம் அங்கேதான்.

டிஸ்னியின் மிக நல்ல சலுகை விளம்பரத்தில் பெரிதாக வருவதில்லை. வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம், மதுபானம், சூடாக்க வேண்டிய உணவு ஆகியவை கூடாது, மற்றதெல்லாம் சரி. முகப்பு உணவகங்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசமாகவே தருவார்கள். 1955இன் தாகத்திலிருந்து கற்றுக்கொண்டார்களோ என்னவோ. இதை அறிந்ததும் அக்கா அதிகாலை ஐந்து மணிக்கே எழும்பத் தொடங்கினார். கட்லட், முட்டைச் சான்விச், உறைப்புக் குறைத்த ரோல்ஸ். பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறந்து பார்த்த பெண் ஒன்றும் சொல்லாமல் சிரித்து அனுப்பினாள்.

பேத்திக்குத்தான் வெட்கம். மீன் மணக்கும், ஆட்கள் பார்ப்பார்கள் என்று வாங்கின் ஓரத்தில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பக்கத்து வாங்கில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குளிர்ப்பெட்டியிலிருந்து பாணையும் இறைச்சியையும் எடுத்துப் பரப்பிக்கொண்டிருந்தது. அதைக் கண்டபின் அவள் இரண்டாவது கட்லட்டுக்குக் கை நீட்டினாள். அப்பம்மா ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை மட்டும் கிட்ட நகர்த்தி வைத்தார்.

மருமகனுக்கும் தாய்க்கும் இதில் ஒரு சிறிய பிணக்கு இருந்தது. கட்லட் கொண்டுபோவதை அவன் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் ஐஸ்கிறீம் கேட்டால் தாய் விலை சொல்லுவதை அவன் விரும்பவில்லை. இரண்டு வருடம் மேலதிக வேலை செய்து இந்தப் பயணத்துக்குச் சேர்த்தவன். ஒரு மாலையில் என்னிடம் சொன்னான்:

“மாமா, இந்த ஒரு கிழமைக்குக் கணக்குப் பாக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன். நானும் பாத்தால், பிள்ளையளும் விலையைப் பாத்துத்தான் ஆசைப்படுங்கள்.”

எனக்குப் பதில் வரவில்லை. அக்கா 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போனவர். சத்தம் காட்டாமல், ஒவ்வொரு சதத்தையும் எண்ணித்தான் அவனை வளர்த்தார். எண்ணாமல் செலவழிக்கக்கூடிய ஒரு கிழமையைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவன் ஆசைப்படுகிறான். இருவரில் எவர் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். நடுப்பகலுக்கு அப்பம்மாவின் பை. மாலையில் ஒரு வேளை, பிள்ளைகள் தெரிவுசெய்வது. அதற்கு எவரும் விலை கேட்கக்கூடாது. கோட்டைக்குள் இளவரசிகளோடு சாப்பிடும் விருந்து, தலைக்கு அறுபது டொலருக்கு மேல், பேத்தியின் கனவாக இருந்தது. அறுபது நாட்களுக்கு முன்பே முன்பதிவு செய்திருந்தான் மருமகன். அதற்கு அவளும் தகப்பனும் மட்டும் போய்வந்தார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவளுக்குச் சரியாக நினைவில்லை. எந்த இளவரசி எந்த உடுப்பில் வந்தாள் என்பதை அரைமணி நேரம் சொன்னாள்.

ஆகவே, போக இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பூங்கா விடுதியில் நீங்கள் கொடுக்கும் காசில் மூன்று விலைகள் கலந்திருக்கின்றன: உணவின் விலை, காட்சியின் விலை, வெளியே போக முடியாமையின் விலை. முதலாவதற்குத் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாவதைப் பிள்ளைகள் கேட்கும்போது கொடுங்கள். அதை உணவோடு சேர்த்து எடை போடவேண்டாம். மூன்றாவதைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பை கட்லட்டும் ஒரு குவளை இலவசத் தண்ணீரும் அதைத் தவிர்த்துவிடும். காலையில் ஐந்து மணிக்கு எழும்ப வீட்டில் ஓர் அக்கா இருக்கவேண்டும், அதுதான் விஷயம்.